மூன்றாவது பாட்டில் கேட்கும் கை

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் இப்போது கேட்காதே. நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆல்பம் அட்டையில் நீ மட்டும் தனியாக நிற்கும் படத்தைப் பார்த்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சலூன், பஸ் ஸ்டாப் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தார், என் மகளோட முதல் தனி ஆல்பம், ஸ்பானிஷ், போர்த்துக்கீஸ், பிரெஞ்சு, தமிழ் நாலிலும் பாடியிருக்கா என்று. அவருக்கு அதில் மூன்று புரியாது, நீ பாடுகிற வேகத்தில் நாலாவதும் அரைகுறைதான். நாலு மொழியில் வாய் ஓயாமல் பாடுகிறவள் நம்மிடம் போனில் ம் என்பதோடு சரி என்று நான் கூடக் கேலி பண்ணினேன். அந்தச் சிரிப்பு அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது.

நான் தையல் கடையிலிருந்து வந்தபோது அப்பா கூடத்தில் உன் பாட்டைப் போட்டிருந்தார். முதல் இரண்டு பாட்டுக்கும் உன் அண்ணன் அறையைவிட்டு வரவில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மிஷினில் கை மாட்டி மூன்று விரல் போனதிலிருந்து அவனுக்குப் பாட்டுச் சத்தமே ஆகாது, உனக்குத் தெரியாததா. நிறுத்துங்க என்று அப்பாவை அதட்ட வாயெடுத்தேன், அதற்குள் மூன்றாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து பழகின அந்த லத்தீன் தாளம், அதற்கு நடுவில் தகரச் சத்தம். அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். இன்னொரு தடவை போடச் சொன்னான், அப்புறம் இன்னொரு தடவை. கச்சேரிக்கு முந்தின வாரம் அவனுடைய பாங்கோஸ் மேளத்தின் தோல் கிழிந்துபோய், என் மாவு டின்னைக் கவிழ்த்துப்போட்டு அவன் தட்டினதும், நசுங்கின பக்கம் ஒரு மாதிரி நல்ல பக்கம் ஒரு மாதிரி கேட்கிறதென்று நீ சிரித்துச் சிரித்துப் போனில் பதிவு பண்ணினதும் நம் வீட்டைத் தவிர யாருக்குத் தெரியும். யார் யார் வாசித்தார்கள் என்று பேர் போட்ட தாளை எடுத்து, மிச்சமிருக்கிற விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தான். படம் எடுத்தவர் பேர் இருக்கிறது, காபி போட்டுக் கொடுத்தவர் பேர்கூட இருக்கிறது. இது என் கைதாம்மா என்றான். கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, எதுக்குச் சொல்லாம எடுத்துக்கிட்டா என்றான். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டான்.

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டுவிட்டான். பிசையச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து குப்பைக் கூடையில் கிடந்தது, எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டான். ஏன் அண்ணன் போனை எடுக்கவில்லை என்று நீ கேட்டபோது தூங்குகிறான் என்றேனே, அது பொய். நமக்குப் பிறந்ததா இப்படிப் பண்ணும் என்று சொல்லி அப்பா உன் ஆல்பத்தைப் பீரோ மேலே தூக்கி வைத்துவிட்டார்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை பாப்பா. அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லும்மா, அவன் சரின்னாதான் அந்தத் தகரச் சத்தத்தை எடுப்பேன், பேரைப் பெருசாப் போடுவேன் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அப்போது அவனுக்குக் கைக்கட்டுகூடப் பிரிக்கவில்லை. தாளத்தைப் பற்றி எந்த வாயால் பேச்செடுப்பேன். வேண்டாம் என்றுவிட்டால் உன் வேலை நின்றுபோகுமே என்றும் பயம். கேட்டுட்டேன், எடுத்துக்கச் சொன்னான், பேர் மட்டும் வேணாமாம் என்று உன்னிடம் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேர் இல்லாவிட்டால் அவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். பிசிறை உள்பக்கம் மடித்துத் தைத்துவிட்டால் வெளியே தெரியாது, முப்பது வருஷமாக நான் பார்க்கிற வேலை அதுதானே. அவன் கேட்ட அந்த நிமிஷமே நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பையோடு அடுப்படிக்குப் போய்விட்டேன். தினமும் அவன் கதவு வரைக்கும் போகிறேன், சாப்பிட வாடா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். விரல் போச்சு, தாளம் போச்சு, அவனுக்கென்று இருந்த ஒரே தங்கையையும் நான் திருடியாக்கிவிட்டேன். இதை எப்படிச் சரிபண்ணுவதென்று எனக்குத் தெரியவில்லை. சரியாகும் என்ற நம்பிக்கையும் இல்லை. பெற்றவளே பிள்ளைகளைப் பிரித்துவிட்டு யாரிடம் போய் அழுவது.

நீ தொண்டை கெடாமல் நூறு வருஷம் பாட வேண்டும், நாலு மொழி நாற்பதாக வேண்டும். குளிரில் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போ. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் அண்ணனுக்கு எதையும் நீ விளக்காதே, அது என் வேலை. நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் இந்த உறையை ஒட்டாமல் அவன் கையில் கொடுக்கப்போகிறேன், படித்துவிட்டு நீயே ஒட்டித் தபாலில் போடு என்று அவனிடம் சொல்லி. இது உனக்கு வந்து சேர்ந்தால், அவன்தான் அனுப்பினான் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா