டாக்டர் கையெழுத்து

கேம்பல் பே
3.6.2024

அடியே விசா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று ரேடியோ சொல்லிவிட்டது. பேச்சு நன்றாக இருந்தது, இருமல்தான் இன்னும் போகவில்லை. கஷாயம் வைத்துக் குடி. போன் போட்டால் உன் பி.ஏ. நந்தகுமார் எடுத்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க ஆன்ட்டி" என்கிறான். ஜில்லா பரிஷத் மெம்பர் ஆனதிலிருந்து உன் போன் உன்னுடையது இல்லை. அதனால்தான் இந்தக் காகிதம். கப்பலில் வரும் ஜெயமணியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்ற நீ சண்டை போட்டாயே, எங்கள் வரிசையில் வேலை முடிந்தது. நீ வந்தால் தங்கும் அறையில் இனி ஒரு சொட்டு ஒழுகாது. உனக்காக அவர் செய்த படாக் மரக் கட்டிலை மறுபடி சன்னல் பக்கம் போட்டாயிற்று. "மெம்பரம்மா ரூம்ல தேங்காயக் கொட்டாத" என்று என்னை விரட்டுகிறார், மகாராஜா.

அந்த மகாராஜாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. நெஞ்சு பாரமாக இருக்கிறதாம். தோப்பிலிருந்து வீடு வருவதற்குள் வழியெல்லாம் உட்காருகிறார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பார்த்தார். போர்ட் பிளேர் போய் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை, கப்பலிலேயே போகலாம் என்றார். இந்த மழைக்காலக் கடலில் கப்பல் ஏறினால் மனிதர் வாந்தியிலேயே சுருண்டுவிடுவார். ஹெலிகாப்டரில் ஒரு சீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடு. எல்லா மெம்பர்களும் கொடுத்து வந்ததுதானே. உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை.

உன்
பொன்னு


லம்பா லைன், போர்ட் பிளேர்
9.6.2024

அன்புப் பொன்னு,

ஜெயமணி வாசலில் நின்று, நந்தகுமாரிடம் தர மாட்டேன் என்று அடம்பிடித்து என் கையில்தான் கொடுத்தாள். வேறு தாள் அகப்படவில்லை. ஆபீஸ் லெட்டர்பேடில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

சிபாரிசுக் கடிதம் தர மாட்டேன். திட்டுவாய், திட்டிக்கொள். ஒரு கான்ட்ராக்டரின் மச்சான் மெம்பர் கடிதத்தோடு கல்யாணத்துக்குப் பறந்தான். அன்றைக்கு உங்கள் ஊர்த் தங்கம் பிரசவ வலியோடு ஹெலிபேட் தரையில் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை. எனக்கு அதைச் சொல்லி அழுதது நீதான். அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். இப்போது நோயாளிக்கு டாக்டர் கையெழுத்து இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் இல்லை. என் வீட்டு ஆளுக்கும் அதே விதிதான். ஈஸ்வரன் அண்ணனும் என் வீட்டு ஆள்தானே.

இன்னொரு சேதி. பதினேழாம் தேதி இங்கே சுகாதாரக் கூட்டம். உங்கள் டாக்டரையே வரச்சொல்லியிருக்கிறேன். ஒற்றை ஆளாக ஒரு தீவைப் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று அவர் வாயாலேயே அதிகாரிகள் கேட்கட்டும். இரண்டாவது டாக்டரை வாங்காமல் விடமாட்டேன்.

அண்ணனைக் கப்பலில் மெதுவாக அழைத்து வா. கப்பல் துறைக்கு நானே வருகிறேன்.

அன்புடன்
விசா


கேம்பல் பே
5.7.2024

விசா,

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். போனில் நீ அழுதாய். "போயிட்டாரு" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. எப்படிப் போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி காலை. அடுத்த கப்பலுக்குப் பெட்டி கூடக் கட்டி வைத்திருந்தேன். தோப்பிலிருந்து மார்பைப் பிடித்துக்கொண்டு வந்தார், சட்டையெல்லாம் வியர்வை. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் ப்ரியங்கா மட்டும் இருந்தாள். "டாக்டர் சாப் போர்ட் பிளேர் கயே ஹைன் ஆன்ட்டி. மெம்பர் மேடம் நே புலாயா" என்றாள். நீ கூப்பிட்டு டாக்டர் அங்கே போயிருக்கிறாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எழுதியிருந்தாய், நான் படித்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். டாக்டர் அங்கே வந்தால் இங்கே யார் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாவி நான், வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டருக்கு முறுக்கு கூடக் கொடுத்து அனுப்பினேன்.

ப்ரியங்கா டாக்டருக்குப் போட்டாள், போன் அணைந்திருந்தது. நான் உனக்குப் போட்டேன். "மேடம் மீட்டிங்ல" என்று நந்தகுமார் ஆரம்பிக்கும்போதே லைன் போய்விட்டது. பிறகு கிடைக்கவே இல்லை.

ஹெலிபேடுக்குப் போனோம். ஹெலிகாப்டர் நின்றது, ஒரு சீட்டு காலியாகவும் இருந்தது. அங்கிருந்த ஆபீசர் டாக்டர் கையெழுத்து கேட்டார். டாக்டர் ஊரில் இல்லை என்றேன். நர்ஸ் எழுதிக் கொடுத்தது செல்லாது என்றார். என் பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்து நீட்டினேன், ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. லெட்டர்பேடைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பழைய பழக்கம் போகுமா? "மெம்பர் கா சிபாரிஷ் ஹை?" என்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, விசா.

ஆமாம் என்பதற்கு ஹான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவர் என் தோளில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் இதே தரையில் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. "நஹி" என்று சொல்லிவிட்டேன். ஆபீசர் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். காலி சீட்டோடு ஹெலிகாப்டர் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில், ஜீப்பிலேயே இவர் போய்விட்டார்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை.

பொன்னு


லம்பா லைன், போர்ட் பிளேர்
14.7.2024

பொன்னு, என் பொன்னு,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். முடிக்குமுன் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நந்தகுமார் தண்ணீர் கொண்டுவந்தான்.

கூட்டத்தில் எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னது நான்தான். ஈஸ்வரன் அண்ணன் உன் தோளில் சாய்ந்திருந்த நேரத்தில், உங்கள் டாக்டருக்கு இங்கே சால்வை போர்த்திக்கொண்டிருந்தேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மாரடைப்பு என்று மட்டும் கேள்விப்பட்டு, விதி என்று சொல்லி உன்னிடம் போனில் அழுதேனே, என்ன ஜென்மம் நான்.

ஏன் பொன்னு ஹான் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாமே. விதி உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும், நான் சமாளித்திருப்பேனே. உனக்காக அதைக்கூடச் செய்ய மாட்டேனா?

இரண்டாவது டாக்டருக்கு உத்தரவு வந்துவிட்டது. இதை எழுதவே கூசுகிறது. அங்கே டாக்டர் குவார்ட்டர்ஸ் இடிந்து கிடக்கிறது, கெஸ்ட் ஹவுஸில் பத்து நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். வருகிற பெண் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். மெம்பராக இல்லை. அந்த அறையில், அண்ணன் செய்த கட்டிலில், ஒரு ராத்திரி படுத்து அழ விடு.

விசா


கேம்பல் பே
22.8.2024

அன்புள்ள விசாலாட்சிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஏன் ஹான் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாயே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். டாக்டரை நீ அழைத்தது தெரியாமல் நடந்த தப்பு, அதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் வீட்டு ஆளுக்கும் அதே விதிதான் என்று எழுதியவள் நீ. அதை நம்பித்தான், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நஹி என்றேன். நீ உடைக்கத் தயாராக இருந்த விதியையா நான் காப்பாற்றினேன்?

விதி சரியானதுதான். இப்போதும் சொல்வேன்.

புது டாக்டர் வந்துவிட்டாள். பெயர் சங்கவி, சின்னப் பெண். குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், முகம் அழுகிற மாதிரி. வாம்மா என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாடகை தருகிறேன் என்றாள், அரிசி வாங்கிப் போடு போதும் என்றேன். போன வாரம் பக்கத்து வீட்டு மகேஷ்குமாரின் அப்பாவுக்கு அதே நெஞ்சுவலி. சங்கவி கையெழுத்துப் போட்டாள், ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஏற்றும்போது நான் அங்கேதான் நின்றேன்.

அந்த அறையைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். கட்டில் அதே சன்னல் பக்கம்தான் இருக்கிறது. நீ வரும்போது கெஸ்ட் ஹவுஸில் தங்கிக்கொள். உனக்குப் பத்து நாள் தேவைப்படாது.

இருமலைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு
பொன்னம்மா ஈஸ்வரன்