விசிலுக்கும் வெடிக்கும் நடுவில்

துணி சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் துப்பாக்கி எண்ணெய் வாசனை போகவில்லை. அம்மா தூங்கிவிட்டாள். நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால், "செத்துப்போனவளுக்கு லெட்டரா?" என்று பயந்து நாளைக்கே மந்திரிக்கக் கூட்டிப்போவாள். அதனால் விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

நாளைக் காலையில், துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். இன்றைய பயிற்சியில் நான் மறுபடியும் கண்ணை மூடிவிட்டேன். "நாளைக்கும் இப்படியேன்னா டீம்ல உனக்கு இடமில்லம்மா" என்று பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் சொல்லிவிட்டார்.

நாம் முதன்முதலாகச் சுட்ட நாள் நினைவுக்கு வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தோம். ஹவில்தார் விசில் ஊதியதும் சுட்டேன். என் அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை. நீ எட்டிப் பார்த்து, "உன் குண்டு அத்திப்பள்ளியத் தாண்டிப் போயிருச்சுடி. பார்டர் செக்போஸ்ட்ல கேட்டாத்தான் தெரியும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

உனக்கு எதையும் அதோடு விடத் தெரியாது. "இவ கேள்வி கேட்டே என் கடைய மூட வச்சிருவா" என்று பெற்ற மகளையே உங்கள் அத்தா சொல்வாரே! அடுத்த வாரம் எனக்குத் தோட்டா போட்டுக் கொடுத்தவள் நீதான். நடுவில், ஏற்கெனவே சுட்ட காலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் போட்டுக் கொடுத்தாய். விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கி முனை மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்தது. என் கண் இறுக மூடியிருந்தது.

"வெடிக்கவே இல்லயேடி. எதுக்குத் துள்ளுன?"

"பயம்."

"சத்தத்துக்குப் பயம்னா, சத்தம் வந்தப்புறந்தானே துள்ளணும்?"

எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல் குவாரியில் தினமும் வேட்டு வைப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். "தெனம் வேட்டு கேக்கறவளுக்கு இந்தத் துப்பாக்கி எம்மாத்திரம்?" என்று, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் உத்தனப்பள்ளிக்கே பஸ் ஏறி வந்துவிட்டாய்.

குவாரியில் வேட்டு வைக்கும் என் அப்பா விசில் ஊதினார். எல்லோரும் பாறை மறைவில் குனிந்து காதைப் பொத்தினோம். நீ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வேட்டு அடங்கியதும் கத்தினாய்: "விசில்டி! அது ஊதுனதுமே உன் தோள் காதுக்கு ஏறிருச்சு. கிரவுண்டுலயும் இதேதான்!"

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து விசில் கேட்டால் கண்ணை மூடிக் குனிந்து பழகியவள் நான். அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"குனியாதன்னெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாய். "குண்டு பட்டதும் அட்டைக்குப் பின்னாடி மண்ணு எந்தப் பக்கம் தெறிக்குதுன்னு பாத்துச் சொல்லு. எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

பார்க்க வேண்டுமென்றால் கண் திறந்திருக்க வேண்டுமே. எத்தனையோ குண்டுகளைப் பார்க்காமல் தவறவிட்டேன். ஒருநாள் பார்த்தேன். செம்மண் புகைபோல எழும்பி வலப்பக்கம் சாய்ந்தது. உன் பக்கம் திரும்பிச் சொன்னேன். "காத்துனாலயா, குண்டுனாலயா?" என்று உடனே அடுத்ததைக் கேட்டாய். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடவேயில்லை, உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோகும் வரை.

இன்று ஏன் மூடினேன்? நீ கேட்பதுபோலவே என்னைக் கேட்டுப் பார்க்கிறேன். விசிலுக்குத் தோள் ஏறவில்லை. நன்றாக நினைவிருக்கிறது. விசையை இழுக்கும்போதுதான், சுட்டு முடித்தால் இடப்பக்கம் திரும்புவேனே என்று தோன்றியது. அங்கே உன் இடத்தில் வேறொருத்தி படுத்திருந்தாள். எனக்குப் பயம் வெடியைக் கண்டு இல்லை, அந்த இடத்தைக் கண்டுதான்.

பயம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் நாளை கண்ணைத் திறந்து சுட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பத்தான் போகிறேன். அவள் ஊத்தங்கரையிலிருந்து புதிதாக வந்தவள். சுடும்போது அவளும் துள்ளுகிறாள். அவள் ஊர்ப் பக்கம் குவாரியே கிடையாதாம். பின்னே எதற்குத் துள்ளுகிறாள்? அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது போலிருக்கிறது.