இருபத்தைந்து மல்லாட்டை மூட்டை

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அக்கா பெற்ற பவுலினுக்கு,

முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிப் பாரத தேசத்தைப் பன்னிரண்டு தடவை பார்சல் கட்டியவனும், நெடுஞ்சாலைகளெல்லாம் பெயர் சொன்னால் எழுந்து நிற்கிறவனும், உன் அம்மாவுக்கு ஒரே தம்பியுமான அடைக்கலராஜ் எழுதுவது. நானும் உன் அத்தை அமல்ராணியும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளை தென்னரசுவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் இரண்டாவது நிமிஷமே நான் ஒரு ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், சொல்ல வந்த சேதி பாதி வழியில் இறங்கிப் போய்விடும். அதனால் உன் அத்தை பேனாவைக் கையில் திணித்து, முடிக்கிற வரைக்கும் டீ கிடையாது என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சிவப்பு வண்டியை எடுக்கிறோம் என்று சொன்னாயே, அதற்குள் இது உன் கையில் சேர வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய மெசேஜ் வந்தது. இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போகப் போகிறோம், வண்டியின் முதுகில் தூக்கி வைக்கிற மாதிரி படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு ஒரு கேம்பர் வீடு செய்யக் கொடுத்திருக்கிறோம், அதைச் சுமக்கப் பழைய பிக்கப் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று. படித்ததும் என் நெஞ்சு வீங்கின வீக்கத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து போய் எதிர்வீட்டுச் சேவல் மேல் பட்டது. இந்த ஒரு கேள்விக்காகவே ஆண்டவர் என்னைப் படைத்தார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் மெசேஜின் தலையைப் பார்த்தேன். ‘ஃபார்வேர்டட்’ என்று இருந்தது. முதல் வரியே, “அப்பா, ஒரு ஹெல்ப்.” விழுப்புரத்தில் இருக்கிற உன் மாமனாருக்கு எழுதி அனுப்பிவிட்டு, அதையே எனக்கும் தள்ளிவிட்டிருக்கிறாய். அந்த முதல் வரியை மாற்றக்கூட உனக்கு நேரமில்லை.

சம்பந்தி கிருஷ்ணசாமி நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தவர். பேச்சு குறைவு. சட்டைப் பையில் ஒரு நோட்டு, ஒரு காந்தம். பழைய வண்டியைக் கண்டால் அந்தக் காந்தத்தை உடம்பெல்லாம் ஓட்டிப் பார்ப்பார்; ஒட்டாத இடத்தில் துருவைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அந்தக் காந்தத்தைப் பற்றி நீ உன் அத்தையிடம் புகழ்ந்தாய் என்று கேள்விப்பட்டு, நானும் பழைய ஸ்பீக்கரை உடைத்து அதைவிட நாலு மடங்கு பெரிய காந்தம் எடுத்தேன். அது என் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

அவர் மூணு வாரம் அலைந்து முகையூரில் ஒரு வெள்ளை வண்டி பிடித்தார். தண்ணி கேன் ஏற்றிய வண்டி, ஒரே ஓனர். பார்க்க ஆஸ்பத்திரி சுவர் மாதிரி இருக்கும். நான் கண்டாச்சிபுரத்தில் சிவப்பு வண்டியைப் பிடித்தேன். அதன் ஹார்னை அடித்தால் செஞ்சிக் கோட்டையில் இருக்கிற குரங்கெல்லாம் வரிசையில் நிற்கும். வயசு மட்டும் பதினைந்தை நெருங்குது. பொம்பளைங்க வயசையும் வண்டி வயசையும் கேட்கக் கூடாது என்று சம்பந்தியிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் நோட்டில் வருஷத்தை எழுதிக்கொண்டார்.

எது நல்லது என்று முடிவு பண்ணப் போட்டி வைத்தது நான்தான். கேம்பர் எண்ணூறு கிலோ, தண்ணீர் நூறு, சாமான் நூறு. ஆயிரம் கிலோ. நாற்பது கிலோ மல்லாட்டை மூட்டை (டவுன்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள்) இருபத்தைந்து. நம்ம பச்சைமுத்து மண்டியிலிருந்து ஆளுக்கு இருபத்தைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து மயிலம் கோயில் மலை ஏத்தம் வரை போவது. மூட்டையை அடுக்கும்போதே சம்பந்தி, உயரமா அடுக்குங்க சம்பந்தி, மூட்டை படுத்துக்கினு வரும், வீடு நின்னுக்கினு இல்ல வரும், காத்தடிச்சா தள்ளும் என்றார். அது எனக்குத் தோன்றாமல் போச்சே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் மூணு வேளைக்கு அடுப்பே பற்ற வைத்திருக்கலாம்.

முடிவு உனக்குத் தெரியும். சிவப்பு வண்டி மான்குட்டி மாதிரி மலை ஏறியது. வெள்ளை வண்டி முனகிக்கொண்டே பின்னால் வந்தது. வீடியோ பார்த்து நீ கை தட்டினாய். உன் மாமனாரும் உனக்குப் போன் போட்டு, உங்க மாமா எந்த வண்டிய சொல்றாரோ அதையே எடும்மா என்றார். மேலே கோயில் வாசலில் அவர் கும்பிட்டார், நானும் பொதுவாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். அந்தச் சிலுவைதான் இப்போது உறுத்துகிறது.

பவுலின், என் வண்டியில் இருந்தது மல்லாட்டை இல்லை. மல்லாட்டைத் தோல். உடைக்கிற மில்லில் வாங்கி மூட்டை கட்டி, விடிவதற்கு முன்பே மண்டியில் கொண்டுபோய் வைத்தது. பார்வைக்கு ஒரே மாதிரி, தூக்கினால் தலையணை.

போட்டிக்கு முதல் நாளே நிஜ மூட்டை ஏற்றி ரகசியமாக ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் குளத்தில் எருமை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு வானத்தில் விண்மீன் எண்ணியது. இடது பக்கப் பட்டை ஸ்பிரிங் தட்டையாகிவிட்டது. உனக்கு இது வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மெசேஜில் இருந்த அந்த முதல் வரி கண்ணு முன்னால் வந்து நின்றது. ஒரே ஒரு தடவை அவரை ஜெயிக்கணும் என்று மில்லுக்குப் போனேன்.

போட்டி முடிந்து மலையிலிருந்து இறங்கியதும் சம்பந்தியின் வண்டியைப் பார்த்தேன். முன்கண்ணாடி வைப்பரில் மல்லாட்டைத் தோல் கொத்தாக மாட்டியிருந்தது. என் மூட்டை ஒன்று ஓட்டை, வழியெல்லாம் பறந்து பின்னால் வந்த அவர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அவர் அதில் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். தோளில் இருந்த துண்டால் மெதுவாகத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் உனக்குப் போன் போட்டார். மாமா சொல்ற வண்டியை எடு என்றார். சிவப்பு வண்டியை எடு என்று அவர் சொல்லவே இல்லை, யோசித்துப் பார்.

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். என்னை நம்பி உன் உயிரை என் கையில் கொடுத்துவிட்டு விழுப்புரம் போய்விட்டார் மனுஷன்.

நேற்றுக் காலை சிவப்பு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின் அச்சுக்கு மேலே சேஸில், அதாவது வண்டியின் முதுகெலும்பில், விரிசலை ஒட்டின பழைய வெல்டிங். மேலே கறுப்புப் பெயிண்ட். வெறும் வண்டிக்கு அது தாங்கும். வீட்டைச் சுமந்து ஏதோ மலைப்பாதையில் நீங்கள் இரண்டு பேரும் போகும்போது தாங்காது. வெளியே வந்து உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொண்ணு உக்காந்து போற வண்டியில போய் தோலை ரொப்பியிருக்கியே, உனக்கு மூளைன்னு எதை ரொப்பி வெச்சிருக்கான் ஆண்டவன் என்று கேட்டாள்.

ஆகவே வெள்ளை வண்டியை எடு. சேஸ் நீளம், துருப்பிடிக்கவில்லை, ஸ்பிரிங் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே எலக்ட்ரானிக் சாமான் கம்மி, எந்த ஊர்ப் புளியமரத்தடி மெக்கானிக்கும் கை வைக்கலாம். வீட்டின் கனத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக் கட்டச் சொல். தண்ணீர்த் தொட்டியைக் கீழே வை. இதெல்லாம் உன் மாமனார் சொன்னது. கடைசி ஒன்று நான் சொல்வது: புறப்படும் முன் நிஜ மல்லாட்டை இருபத்தைந்து மூட்டை, உயரமாக அடுக்கி, நானே ஓட்டிப் பார்த்துத் தருகிறேன். மூட்டைகளைச் சம்பந்தியே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கட்டும்.

எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அவர் காந்தத்தின் மேல், அவர் நோட்டின் மேல், உன் சீட்டுக்குப் பின்னாலேயே ஊரெல்லாம் வரப்போகிற அந்த அடுப்பின் மேல்கூட. முப்பத்திரண்டு வருஷம் இந்த தேசத்தை ஸ்டியரிங் வழியாகவே பார்த்தவன் நான். நீ கதவைத் திறந்து இறங்கிப் பார்க்கப் போகிறாய்.

மாதா உங்கள் சக்கரத்துக்கு முன்னால் நடக்கட்டும். ஒரே ஒரு விண்ணப்பம். வழியில் வண்டி ஏதாவது சத்தம் போட்டால் முதலில் அவரிடமே கேள், அவர்தான் சரியாகச் சொல்வார். அப்புறம் அதே கேள்வியை எனக்கும் கேள். ஆனால் தள்ளிவிடாதே, கண்ணு. “மாமா” என்று ஆரம்பித்து, தனியாக ஒரு தடவை டைப் பண்ணி அனுப்பு.

டீ வந்துவிட்டது.

உன் மாமன்,
ச. அடைக்கலராஜ்