பழைய கூரைக்குப் போட்ட கையெழுத்து

ஆறாம் லயம், மேல் டிவிஷன்,
வண்டிப்பெரியார்.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் கங்காணி மச்சானுக்கு,

கத்தரீனாள் எழுதுகிறேன். கங்காணி மச்சான் என்று உங்களைக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. சாயங்காலம் கோழி கூட்டில் அடையாவிட்டாலும் என்னைத்தானே அதட்டுவீர்கள், அதற்காக நான் வைத்த பேர். நாலு பேர் முன்னால் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

எஸ்டேட் பூட்டிக் கிடந்த காலத்தில் நீங்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தபோது வாரம் ஒரு கடிதம் போடுவேன். நாலாம் வகுப்புத் தமிழ்தான். "உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஆனா விஷயம் ஒண்ணையும் விடுறதில்ல" என்று பதில் எழுதினீர்கள். அதை நினைத்துத்தான் நம் பிள்ளை சிஞ்சுவின் பழைய நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு விஜிலன்ஸ் போலீஸ்காரர்கள், நாம் பேர் கொடுக்கிற மஸ்டர் ஆபீஸில் வைத்து என்னை விசாரிக்கப் போகிறார்கள். உங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

சிஞ்சு தேனியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். நர்சிங் இரண்டாம் வருஷம் நல்லபடியாகப் போகிறது. ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஊசி போட்டாளாம், போட்டுக்கொண்டவர் தூங்கிக்கொண்டே இருந்தாராம், அதில் பெரிய பெருமை அவளுக்கு. உங்கள் கல்லறைக்குச் சிமெண்டு பூசியாகிவிட்டது. கல் வெட்டுகிறவன் பேரில் ஒரு எழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டான், திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் சிஞ்சு டிவி போட்டாள். ஒரு மாதமாக எந்த நியூஸைப் போட்டாலும் நம் யூனியன் தலைவர் தங்கதுரையின் முகம்தான். மலையில் உள்ள லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கூரை மாற்றித் தருகிற சர்க்கார் திட்டத்துக்கு அவரைச் சேர்மனாக்கினார்களே, நீங்கள் லயம் முழுக்க லட்டு கொடுத்தீர்களே, அந்தத் திட்டம்தான். ஒரு லயத்திலும் ஒரு தகரம்கூட மாற்றவில்லையாம். எழுத்தில் மட்டும் எல்லாக் கூரையும் புதுசாம். அதுவரை எனக்கு அது யாரோ தின்ற கதையாகத்தான் இருந்தது. சேர்மன் கையில் கொடுத்த பணத்தை ஆபீசில் தின்றிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு டிவியில் ஒரு தாளைக் காட்டினார்கள். மலையாளத்தில் டைப் அடித்தது. கீழே வரிசையாகக் கையெழுத்து. எனக்கு மலையாளம் வாசிக்க வராது, ஆனால் என் பேர் தெரியாதா. இரண்டாவதாக என் கையெழுத்து. பக்கத்திலேயே கொழுந்துக் கறை பட்ட என் பெருவிரல் அடையாளம். அடியில், சாட்சி என்று சிஞ்சு காட்டிய இடத்தில் உங்கள் கையெழுத்து, கோடு இழுத்து அடியில் இரண்டு புள்ளி. நான் அடுப்பில் இருந்த பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிவிட்டேன். சுட்டது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

சிஞ்சுதான் வாசித்தாள். ஆறாம் லயத்துக் கூரை முழுவதும் மாற்றிக் கிடைத்தது, வேலை நன்றாக இருக்கிறது, எங்களுக்கு முழுத் திருப்தி. அப்படி எழுதியிருந்ததாம். தேதி போன மாசி மாதம். நீங்கள் செபமாலையம்மாள் அத்தை வீட்டுக் கூரையில் படுதா கட்டப்போய் வழுக்கி விழுந்தது அதற்குப் பிறகு வந்த கர்க்கடக மழையில், நம் ஆடி மாதத்தில். முண்டக்கயம் தாண்டுவதற்குள் ஆம்புலன்சிலேயே உங்கள் மூச்சு நின்றது. அந்தத் தாளின்படி பார்த்தால், மச்சான், நீங்கள் விழுந்தது புத்தம் புதுக் கூரையிலிருந்து.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை. கொழுந்து எடை போடுகிற இடத்தில் சாக்கோடு நின்றோம். யூனியன் கிளைச் செயலாளர் ஜோஜோ பைக்கில் வந்து தாளை உங்களிடம் கொடுத்தான். லயக் கமிட்டிக்கு நீங்கள்தானே கன்வீனர், மலையாளம் சரளமாக வாசிக்கிறவரும் நீங்கள் ஒருத்தர்தானே. நீங்கள் கொழுந்து ஏற்ற வந்த ஜீப் பக்கம் திரும்பி நின்று தாளைப் பார்த்தீர்கள். பிறகு வந்து, "கூரை மாத்தித் தரப் போறாங்க. தகரம் கோட்டயத்துல வந்து எறங்கிருச்சாம். ஒப்பு போட்டாத்தான், கையெழுத்து வச்சாத்தான் ஃபைலு நகரும், வரிசையா வாங்க" என்று சொன்னீர்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ரேஷன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் அப்படித்தானே செய்தோம். இந்த மலையில் முதலில் ஒப்பு, சாமான் பிறகு. முன்பு ஒப்பு போட்டதெல்லாம் தாமதமாகவாவது வந்து சேர்ந்ததால் இதுவும் வரும் என்று இருந்தோம்.

வியாழக்கிழமை குழாயடிக்குப் போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசி வீட்டு ஆனந்திதான் வாயைத் திறந்தாள். "உங்க வீட்டுக்காரர் சொல்லித்தானக்கா போட்டோம், இப்ப எம் பேரு டிவியில வருது, எம் மாமியார் நீயும் தின்னியாடின்னு கேக்குது" என்றாள். அவள் சண்டைக்குப் பேசவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். நான் பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

அதே வியாழக்கிழமை மத்தியானம் டவுனில் பெண்களெல்லாம் ரோட்டை மறித்தார்கள். நம் யூனியன் பெண்கள்தான். யூனியன் கொடித் துணியை உருவி எடுத்துவிட்டு வெறும் கொடிக்கம்பை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குமுளி பஸ் எல்லாம் வரிசையாக நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து கூட உட்கார்ந்தார்களாம். தங்கதுரை ராஜினாமா செய்யணும் என்று அவருடைய கட்சிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். அவர் டிவியில், "எனக்கு ஒண்ணும் தெரியாது, லோக்கல் கமிட்டி சரின்னு எழுதிக் குடுத்தா நான் நம்பாம என்ன செய்ய" என்றார். லோக்கல் கமிட்டி என்றால் நீங்கள்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை தங்கதுரையே நம் வீட்டுக்கு வந்தார்.

காரை ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு ஜோஜோவோடு நடந்து ஏறி வந்தார். முன்பெல்லாம் அவர் வந்தால் லயமே எழுந்து நிற்கும். யாரும் எழவில்லை. அரிசி புடைக்கிறவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். செபமாலையம்மாள் அத்தை மட்டும் குழாயடியிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏட்டி, கொடத்த உள்ள எடுத்து வையுங்க, தலைவர் வந்திருக்காரு, கொழாயையும் மாத்தியாச்சுன்னு எழுதிட்டுப் போயிருவாரு" என்றார். சிரிப்பு எழும்பியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். ஆள் பாதியாகிவிட்டார், மச்சான். உங்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்தபோது இருந்த தங்கதுரை இல்லை. தாடி மழிக்கவில்லை, கண்ணெல்லாம் சிவப்பு.

நாற்காலி போட்டேன். வெளியே தூறல். அவர் சட்டையில் சொட்டியது, நாற்காலியை நகர்த்தினார். அங்கேயும் சொட்டியது. பிறகு நகர்த்தவில்லை, நனைந்துகொண்டே பேசினார். "கத்தரீனா, ஏசுரத்தினம் எனக்குக் கூடப்பொறக்காத தம்பி. நான் சொல்றது ஒனக்குக் கஷ்டமா இருக்கும். போனவன் மேல கேஸு நிக்காது. தாளக் கொண்டாந்தது, ஒப்பு வாங்குனது எல்லாம் ஏசுதான், மேல யாருக்கும் தெரியாதுன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் உள்ள போயிட்டா இந்த மலையில தமிழனுக்குப் பேச யாரு இருக்கா? நீயே சொல்லு." சிஞ்சு படித்து முடித்ததும் ஒரு வேலைக்கு அவர் பொறுப்பாம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதில் பாதி நிஜம் என்பதும் தெரிந்தது. சிஞ்சு பிறந்தபோது ரத்தத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவர் அவர்தானே. நான் கட்டன் டீ போடப் போனேன். சிஞ்சுதான் பேசினாள். "அப்பா ஒப்புக்கு மேல அம்மா ஒப்பும் இருக்கு மாமா. அப்பா களவாணின்னா அம்மா யாரு? தாளக் கொண்டு வந்த ஜோஜோ அண்ணன் இந்தா நிக்கிறாரே, அவரு யாரு?" என்றாள். ஜோஜோ செருப்பைப் பார்த்தான். தலைவர் கட்டனை வாங்கிக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று உங்கள் போட்டோவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

இவ்வளவும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது நேற்று வந்தது.

செபமாலையம்மாள் அத்தை நேற்று என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார வைத்தார். இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நீங்கள் விழுந்த அன்றைக்கு, "மழ விடட்டும் ஏசு, பாசி பிடிச்சுக் கெடக்கு, நான் மூலையில ஒதுங்கிக்கிடுதேன்" என்று அவர் தடுத்தாராம். நீங்கள் ஏணியில் காலை வைத்தபடி, "ஒப்பு போட வச்சவன் நாந்தான அத்த, நாந்தான ஏறணும்" என்றீர்களாம். அன்றைக்கு அவருக்கு அது விளங்கவில்லை. டிவியில் தாளைப் பார்த்த பிறகுதான் விளங்கியதாம். "இத நான் போலீஸ்ட்ட சொல்லணுமாட்டி, வேண்டாமாட்டி? நீ சொல்லுதது போல நான் செய்யுதேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க யாரும் கூப்பிடாமலே ஒவ்வொரு வீடாக ஏறிக் கட்டினீர்களே. வேலை முடிந்து வந்து, சோறுகூடத் தின்னாமல், நீலப் படுதாவைச் சுருட்டிக்கொண்டு. நான் திட்டினேன். ஊருக்கு உழைக்கிறதுக்குக் கூலி யாரு தர்றா என்றேன். நீங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள். நல்ல மனசு என்றுதான் நானும் நினைத்தேன், உங்கள் அடக்கப் பூசையில் சாமியாரும் அப்படித்தான் பிரசங்கம் வைத்தார்.

இப்போது அதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தகரம் வராது என்று தெரிந்து ஏறினீர்களா. வரும் வரும் என்று ஜோஜோவிடம் கேட்டுக் கேட்டு, வராமல் போன வெட்கத்தில் ஏறினீர்களா. இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்கு இது தெரியவில்லையே.

நாளைக்கு என்ன சொல்வது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இது என் கையெழுத்து, நான்தான் போட்டேன், கூரை மாற்றவில்லை என்பேன். தாளைக் கொண்டு வந்தது ஜோஜோ என்பேன். தலைவர் என் வீட்டில் உட்கார்ந்து கேட்டதையும் வார்த்தை மாறாமல் சொல்வேன். அதனால் அவர் உள்ளே போனால் போகட்டும். இந்த மலையில் நமக்குப் பேச ஆள் இல்லாமல் போகும் என்கிற பயம் எனக்கும் உண்டு. ஆனால் நமக்காகப் பேசுகிறவருக்கு நம் தலைக்கு மேல் இருப்பது ஓட்டைக் கூரை என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா. அத்தையிடமும் காலையில் சொல்லிவிட்டேன், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம் என்று. அவர் என் தலையில் கை வைத்தார்.

அவர்கள் நிச்சயமாகக் கேட்கப்போகிற ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. தாளில் என்ன எழுதியிருந்தது என்று உன் புருஷனுக்குத் தெரியுமா என்பார்கள். சிஞ்சு ஒரு வழி சொல்கிறாள். "அப்பாக்கு அன்னைக்குக் கண்ணாடி இல்லம்மா, பொடி எழுத்து தெரியாது, அதனால வாசிக்கலன்னு சொல்லிரு" என்கிறாள். அவளுக்கு அப்பாவைக் காப்பாற்ற வேண்டும். எனக்கும்தான். ஆனால் நீங்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தீர்களா இல்லையா என்று நாலு நாளாக யோசிக்கிறேன், முதுகுதான் ஞாபகம் வருகிறது. ஜீப் பக்கம் திரும்பி நின்ற முதுகு. தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே இவ்வளவும் வந்தது, இன்னொரு தடவை எப்படிப் போடுவேன்?

நீங்கள் எப்படி இருந்திருந்தாலும் எனக்கு நீங்கள்தான். தெரிந்து செய்திருந்தாலும் உங்கள் கல்லறைக்குப் பூ கொண்டுவருவேன், கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல் வைத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். ஆண்டவர் உங்களை ஒரு சொட்டும் நனையாத இடத்தில் இளைப்பாற வைக்கட்டும். சிஞ்சுவை அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள். நாளைக்குக் காலையில் என் நாக்கு குழறாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் கத்தரீனாள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தத் தாளை வாசித்த பிறகு எங்களிடம் அப்படிச் சொன்னீர்களா, இல்லை, வாசிக்காமலே சொன்னீர்களா?