மாவு பிசையும் கை

அன்பு மகனுக்கு,

என் கணுக்கால் பிசகியது பெரிய விஷயமில்லை. ஃபோஷான் ஊருக்கே சுளுக்கு எடுக்கும் நான், விழுந்த அன்றே மருந்துச் சாராயத்தால் தேய்க்கச் சொன்னேன். உன் மனைவி புட்டியை ஒளித்துவைத்துவிட்டாள்.

"வீக்கம் வடியாம தேய்க்கக் கூடாதுன்னு எல்லாரையும் திட்டுறது நீங்கதானே அத்தை? உங்க காலுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

வடிந்த பிறகு அவளே தேய்த்தாள். வலிக்கும் இடத்தை அவள் கட்டைவிரல் தானே தேடிப் போகிறது.

நூடுல்ஸ் கடைக்காரர் மகள். "மாவு பிசையிற கைக்கு நம்ம வீட்ல என்ன வேலை?" என்று கல்யாணத்தன்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்கலாம். எனக்கு மறந்துவிட்டது.

நேற்று சந்தைக்கு நடந்தே போனேன். லாம் என்ற மீன்காரி என் நடையைப் பார்த்துவிட்டு, "காலைத் தேய்ச்சுவிட்டது யாரு கை?" என்றாள்.

"எங்க வீட்டு மாவு பிசையிற கை" என்றேன், சந்தைக்கே கேட்கும்படி.

இப்படிக்கு,
நொண்டாமல் நடக்கும் உன் அம்மா