பன்னிரண்டாவது லாரி

16 செப்டம்பர், செவ்வாய்

தெரியாமல்தான் கேட்கிறேன் மாதாவே, நாலு பந்தயத்தில் நாலிலும் கடைசியாக வருகிறவனுக்கு எதற்கு ஒரு வண்டி? பொறாமையில் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். பன்னிரண்டு லாரி ஓடுகிறது, நம் ஆண்ட்ரூஸ் பன்னிரண்டாவது. ஒரு தடவை என்றால் வண்டிக் கோளாறு என்று சொல்லலாம். இரண்டு தடவை என்றால் பாதை பழகவில்லை என்று சொல்லலாம். நாலு தடவையுமா?

அவன் யாரோ எவனோ இல்லை. என் கொழுந்தன் மகன், வாய் நிறையப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவன். அரியலூரில் பிரசாத் சார் கம்பெனியில் அவனும் என் மகன் செல்வமும் ஒன்றாகத்தான் சிமெண்ட் லாரி ஓட்டினார்கள். சென்னைப் பக்கம் லாரிகளுக்கென்று ரேஸ் வைக்கிறார்கள், கம்பெனிக்கு ஒரு வண்டி, ஒரு டிரைவர் என்று பேச்சு வந்தது. மார்ச் மாதம், மூடிக்கிடக்கிற சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் டிரம்களை நிறுத்தி இரண்டு பேரையும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். செல்வம் மூன்று விநாடி பிந்திவிட்டான். மூணே மூணு விநாடி. ஒரு தும்மல் தும்மி மூக்கைத் துடைக்கிற நேரம். அதற்காக ஆண்ட்ரூஸ் கோயில் முக்கில் பிளெக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். என் பிள்ளை சிமெண்ட் தூசிக்குள் நிற்கிறான்.

இன்று ஆபீஸில் பேசிக்கொண்டார்களாம். இன்னும் இரண்டு ரேஸ்தான் பாக்கி. அடுத்ததிலும் இப்படியே வந்தால் ஆளை மாற்ற வேண்டியதுதான் என்று பிரசாத் சாரே சொன்னாராம். செல்வம் சோறு தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னான். எனக்குக் குழம்பு ஊற்றுகிற கை அப்படியே நின்றுவிட்டது. துக்கத்தில் இல்லை.

17 செப்டம்பர், புதன்

நேற்று எழுதியது பாவம். கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

எங்கள் இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று, துணிக்கொடியும் ஒன்று. பூசை முடிந்து வந்து பார்த்தால் கொடியில் ஆண்ட்ரூஸின் ரேஸ் உடுப்பு தொங்குகிறது. சிவப்பும் மஞ்சளும், கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பு, தீ பிடிக்காதாம். நெஞ்சில் அவன் பெயரை இங்கிலீஷில் தைத்திருக்கிறார்கள். பக்கத்தில் செல்வத்தின் காக்கிச் சட்டை. காலர் கிழிந்தது.

என் ஓரகத்தி அடைக்கலமேரி எட்டிப் பார்த்து, "அக்கா, அது வெயில்ல கெடந்தா சாயம் போயிருமாம். நெழல் பக்கம் நகத்தணும். செல்வம் சட்டையக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறீங்களா?" என்றாள்.

தள்ளிப் போட்டேன். நன்றாகவே தள்ளி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். காக்கை எச்சம் போட்டுவிட்டது. மறுபடி துவைத்தேன். துவைக்கும்போது என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

26 செப்டம்பர், வெள்ளி

செல்வம் திண்டுக்கல் லோடு இறக்கிவிட்டு வந்தான். தட்டு வைத்துவிட்டுக் கேட்டேன், "அவன எடுத்துட்டா உன்னத்தான போடுவாங்க?"

"போடுவாங்க."

"நீ பிரசாத் சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டு வைக்கிறதுதான?"

"நான் கேக்க மாட்டேம்மா. அவன் கடைசியா வந்தாலும் வண்டிய உடைக்காம கொண்டாரான். பெரம்பலூர் பட்டறையில அய்யம்பெருமாள் மேஸ்திரி என்ன சொல்றாரு தெரியுமா? ஒரு வண்டியோட போக்கு ஒரு கைக்குப் பிடிபட ஒரு வருசம் ஆவும், நடுவுல ஆள மாத்துனா வந்தவனும் கெடுவான் போனவனும் கெடுவாங்கறாரு."

"அப்ப பன்னெண்டாவதா வரதுக்கு எதுக்குடா ரேசு? மெதுவாத்தான் போவணும்னா ஜெயங்கொண்டத்துக்கே போவலாமே."

இதைத்தான் பிரசாத் சாரும் கேட்கிறார் என்றான். வண்டி முன்னால் வந்தால்தானே வண்டியில் எழுதியிருக்கிற கம்பெனி பேரு டிவியில் தெரியும், பின்னால் வந்தால் எவன் பார்ப்பான் என்று. மேஸ்திரி ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம். நான் முதலாளி பக்கம்.

அதுவரை பேசாமல் தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஏன், நீயே போய் ஓட்டேன்" என்றார். "ஆரன் வேண்டியதில்ல. ஒன் வாயே போதும்."

அவருக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றவில்லை.

4 அக்டோபர், சனி

மூன்று பஸ் மாறி ஏலாக்குறிச்சிக்கு வந்தேன் தாயே, உன் காலடிக்கே. பூசைக் கருத்து கொடுக்க. நம்ம வரதராஜன்பேட்டையிலேயே கொடுக்கலாம்தான். ஆனால் பூசை தொடங்குமுன் சாமியார் மைக்கில் வாசிப்பாரே. யார் எதற்காக வேண்டுகிறார்கள் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

ஆபீஸில் இருந்த சிஸ்டர் பேனாவோடு கேட்டார், "என்ன கருத்து போடணும்மா?"

"மகன் ஆரோக்கியசெல்வத்தின் வேலை உயர்வுக்காக."

எழுதினார். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். என்னால்தான் முடியாதே. "தடையாக இருப்பவர் விலகவும்" என்று சேர்க்கச் சொன்னேன். சிஸ்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சனிக்கிழமைக்குப் போட்டிருக்கிறது.

11 அக்டோபர், சனி

எங்கிருந்து தொடங்குவேன்.

பூசைக்கு நல்ல கூட்டம். தூணோரம் இடம் பிடித்தேன். சாமியார் கருத்துகளை வாசிக்கிறார். வரதராஜன்பேட்டை சாந்தி மேரி, மகன் ஆரோக்கியசெல்வத்தின் வேலை உயர்வுக்காகவும், தடையாக இருப்பவர் விலகவும். மனசு நிறைந்து சிலுவை போட்டேன். போட்ட கை இறங்கவில்லை, அடுத்தது வாசிக்கிறார்: வரதராஜன்பேட்டை அடைக்கலமேரி, மகன் ஆண்ட்ரூஸ் லாரிப் பந்தயத்தை விட்டு நலமுடன் வீடு திரும்பவும்.

எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் ஒரு முக்காடு திரும்பிப் பார்த்தது. அவள்தான். பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்க்கவில்லை, அந்த முக்காட்டைத்தான் பார்த்தேன். மன்னித்துக்கொள்.

பஸ்ஸில் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருமானூர் தாண்டியதும் கேட்டாள்:

"தடையா இருக்குறவங்கன்னு வாசிச்சாங்களேக்கா, அது யாரு?"

"பொதுவாச் சொன்னேன். ஊரு ஒலகத்துல எவ்வளவோ தடை இருக்கு."

"இருக்கும், இருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே தடைதான் போல."

அவளே சொன்னாள். ஜூலையில் முதல் ரேஸிலேயே பக்கத்து லாரி வந்து கதவில் இடித்ததே, அதிலிருந்து ஆண்ட்ரூஸுக்குக் கை நடுங்குகிறதாம். "சோறு பெசையறப்ப பாத்தேங்க்கா. வளைவு வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிருதாம். அவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

"அப்ப நிறுத்துடான்னு சொல்ல வேண்டியதுதான?"

"பிளெக்ஸ் வச்சிட்டாங்களே. தானா எறங்கி வந்தா ஊரு சிரிக்கும்கிறான். கம்பெனியே மாத்திட்டா மானம் போவாது பாருங்க. அதான் மாதாகிட்ட வந்தேன். நம்மூர்ல குடுத்தா அவன் காதுக்குப் போயிரும்." என் கையைப் பிடித்தாள். "நீங்க கேட்டதே நடக்கட்டும்க்கா. செல்வம் நெஞ்சுரம் உள்ளவன்."

ஏழு மாதமாக எதைப் பார்த்து எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லையோ, அதை இவள் வேண்டாம் வேண்டாம் என்று காணிக்கை கொடுத்துக் கழற்றிவிடப் பார்த்திருக்கிறாள். இவ கட்டிக் கழிச்ச சேலையா அது, எம்புள்ளைக்குக் குடுக்க? பாவப்பட்டுக் குடுக்கறாளா எனக்கு?

அதிலும் முன் பெஞ்சு. எப்போதும் முன் பெஞ்சு.

12 அக்டோபர், ஞாயிறு

செல்வத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்குக் கை நடுங்குதாம்டா என்று. அவன் சொல்லாவிட்டாலும் நான் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் போதும். நாளைக்கே வண்டி செல்வத்துக்கு. காலையிலிருந்து மூன்று தடவை நாக்கு நுனிவரை வந்தது. மூன்று தடவையும் தண்ணீர் குடித்தேன்.

நல்லவள் என்று நினைத்துவிடாதே. அவள் போட்ட பிச்சையாக வேண்டாம். ஜெயித்து வாங்கட்டும்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து பூப் போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். ஐந்தாவது ரேஸும் இன்றைக்கே. கொழுந்தன் போனைக் கல்லறைச் சிலுவையில் சாய்த்து வைத்துவிட்டார். பக்கத்துக் கல்லறைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். ஒரு பக்கம் மரித்தோருக்கான செபம், ஒரு பக்கம் லாரி இரைச்சல்.

எட்டாவது சுற்றில் ஒரு லாரி சாய்ந்து, அப்படியே உருண்டது. ஒரே புழுதி. நம்ம சிவப்பு வண்டியா வேறா என்று தெரியவில்லை. அடைக்கலம் கல்லறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று எழுதவா வேண்டாமா. உனக்குத் தெரியும், எழுதிவிடுகிறேன். ஐயோ, வண்டி போச்சே, இனிமே செல்வம் எதை ஓட்டுவான் — இதுதான். பிள்ளை ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது. நான் தொட்டிலாட்டிய பிள்ளை.

உருண்டது வேறு வண்டி. உள்ளே இருந்தவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லையாம். ஆண்ட்ரூஸ் பதினோராவதாக வந்தான். "முன்னேறிட்டான்டா" என்று ஒருவர் கைதட்டினார். ஓட்டத்தில் ஒரு வண்டி குறைந்துபோனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

8 நவம்பர், சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். பத்தாததுபோலவே இருக்கிறது.

11 நவம்பர், செவ்வாய்

பிரசாத் சார் இரண்டு பேரையும் மறுபடி அதே குவாரியில் ஓட்டச் சொல்லிவிட்டார். செல்வம் நாலு விநாடி முந்திவிட்டான். கடைசி ரேஸ் செல்வம்தான். அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். அய்யம்பெருமாள் மேஸ்திரிக்கு மட்டும் இஷ்டமில்லை, "ஒரு ரேசுக்காக எதுக்கு சார்" என்று முணுமுணுத்தாராம்.

நான் கேட்டது கேட்டபடி. மாதாவே, நன்றி.

ஆண்ட்ரூஸ் செல்வத்தோடு பைக்கில் திரும்பினான். அவன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்குள் வந்து, "பெரியம்மா, பசிக்குது" என்றான். போட்டேன். கருவாட்டுக் குழம்பு. கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, கூடத்தில் தலையணைகூட இல்லாமல் படுத்துத் தூங்கிவிட்டான்.

செல்வத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி

அடைக்கலம் அந்த உடுப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். நெஞ்சில் இருந்த பெயரை அவளே உட்கார்ந்து பிரித்திருக்கிறாள். நூல் போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன.

"இடுப்பு மட்டும் கொஞ்சம் புடிக்கும்க்கா, பிரிச்சு விடுங்க" என்றாள். பிறகு முந்திரித் தோப்பில் களை வெட்ட ஆள் வந்திருக்கிறது என்று போய்விட்டாள். எட்டு மாதத்தில் இவள் தோப்புப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

பிளெக்ஸ் மாற்றவில்லை. ஒரு ரேஸுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

21 நவம்பர், வெள்ளி

செல்வம் இன்று காலை சென்னைக்குக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை ரேஸ்.

அடைக்கலம் கொல்லையில் பாட்டு முனகிக்கொண்டு பாத்திரம் விளக்குகிறாள். ஆண்ட்ரூஸ் செந்துறைக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான், மதியச் சோற்றுக்கு வந்துவிடுவானாம். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வெறும் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போவாள், கறி எடுப்பாள், தூங்குவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, எட்டாவது சுற்று, எட்டாவது சுற்று என்று உட்கார்ந்திருக்கிறேன். போகாதடான்னு சொல்லலாமா? சொன்னா கேப்பானா? போகணும்னு வேண்டுனதே நாந்தான.

கிளம்புமுன் செல்வத்துக்கு எட்டு இட்லி வைத்தேன். தட்டில் கை வைக்குமுன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏம்மா, இன்னிக்கு ஒருசந்தி கிருசந்தி ஒண்ணும் இல்லையே? திங்கலாம்ல?"

"நவம்பர்ல ஏதுடா ஒருசந்தி. கிண்டலா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். எட்டையும் தின்றான். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

அவன் போனதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சம்பந்தமில்லாமல் எதற்கு அப்படிக் கேட்டான்?

மார்ச் மாதம் குவாரியில் முதல் தடவை ஓட்டிக் காட்டி அவன் மூன்று விநாடி பிந்தியது ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளி. மதியம்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் கூடாது, ஒருசந்தி இருந்தால்தான் மாதா துணைக்கு வருவாள் என்று சொல்லி, அவன் வாய்வரை கொண்டுபோன காபி டம்ளரைப் பிடுங்கி வைத்தது நான்.