உன் அப்பா அய்ஹோளேக்குள் போன கதை

பாகல்கோட்,
நவம்பர் 20

அன்பு மகள் மாதேவிக்கு அவ்வா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அவருடைய இடது கணுக்காலைத் தவிர, சௌக்கியமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கணுக்கால் என்றதும் பதறாதே, வெறும் சுளுக்குதான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன்னோடு நான் பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாரே, எப்படிச் சொல்வது? இது அவர் காதில் விழக்கூடாத சமாசாரம், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஜனவரியில் நீ வரும்போது போவதற்கென்று அனுப்பிய இரண்டு நாள் திட்டத்தைப் பார்த்தேன். முதல் நாள் அய்ஹோளே, பட்டதகல் கோயில்கள், பொழுது சாய்வதற்குள் பாதாமிக் குகைகள், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நீ கூட்டி வருவது உன் ஆஸ்பத்திரித் தோழிகள் இரண்டு பேரையா, இல்லை பட்டாளத்தையா? ஊரார் முழங்காலுக்கெல்லாம் மருந்து போடுகிற நர்ஸுக்குப் பெற்றவள் முழங்கால் மட்டும் ஞாபகம் வரவில்லை, போகட்டும். ஆனால் கடைசியில் "வழிகாட்டி வேண்டாம், எங்கள் அப்பாவுக்கு அங்கே ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்று எழுதினாய் பார், வினையே அதுதான். அதைப் படித்த அன்று உன் அப்பா ஒன்றரை ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

இருபத்தேழு வருஷம் அந்த வழியில் பஸ் ஓட்டினார், வாஸ்தவம். லீவு நாளில் உன்னை இன்ஜின் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு கதை சொன்னார். லாட்கான் கோயில், ராஜாவுக்கு லட்டு பிடித்துக் கொடுத்தவருக்காகக் கட்டியது என்றார். பின்பக்கம் வளைந்திருக்கிற துர்கா கோயிலில் ராஜாவின் யானை தூங்கியது என்றார். நீயும் அதை நாலாம் வகுப்புப் பரீட்சையில் எழுதி சைபர் வாங்கிக்கொண்டு வந்து, டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று குதித்தாய். உண்மை என்னவென்றால் அவர் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. பஸ் அங்கே நிற்கிற இருபத்தைந்து நிமிஷமும் ஒரு டீ, மிச்ச நேரம் வேப்பமரத்தடியில் தூக்கம்.

போன செவ்வாய்க்கிழமை, பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்று கொடுக்க பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கையில் உன் பழைய நோட்டு ஒன்று. "உசிரோட இருக்கேன்னு சொல்றதுக்கு நோட்டு எதுக்குங்க?" என்று கேட்டேன். "கையெழுத்து பழகிப் பார்க்கத்தான்" என்றார். வீட்டுப் போன் அவர் பையோடு போய்விட்டதால், மத்தியானம் பக்கத்து வீட்டு ரத்னவ்வாவின் போனுக்கு ஹனமப்பா கூப்பிட்டான். அந்தக் காலத்தில் உன் அப்பாவின் பஸ்ஸில் தினமும் வருவான், இப்போது அய்ஹோளேயில் காவல்காரன். "அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் இங்க கோயில் படியில உக்காந்திருக்கார். கால் பிசகிடுச்சு. ஆட்டோ கொண்டாந்து நிறுத்தினா ஏற மாட்டேங்கறார், இன்னும் ரெண்டு கோயில் பலகையப் பார்த்து நோட்டுல எழுதணுமாம்" என்றான்.

பொழுது சாய்ந்ததும் நொண்டிக்கொண்டு வந்தவரிடம், "ஏங்க, பேங்க்ல தூக்கிப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் சொன்னார். "நீலா, புள்ள நாலு பேர் முன்னாடி இது என்னப்பா, அது என்னப்பான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்? இத்தனை வருஷமா அளந்ததெல்லாம் பொய்னு தெரிஞ்சா அவ மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்?" சிரிக்க வந்தவள் அவர் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் அய்ஹோளேக்குச் சுற்றுலா போய் வந்த அன்றே உனக்கு எல்லாம் தெரிந்துபோனதையும், அப்பாவிடம் சொல்லாதே என்று சமையலறையில் என்னிடம் சத்தியம் வாங்கினதையும் நான் சொல்லவில்லை. உன் ரகசியம் ஒன்று, இப்போது அவருடையது ஒன்று. இரண்டையும் சுமக்க ஒரே வயிறு.

மறுநாளிலிருந்து முற்றத்தில் நொண்டியபடி ஒரே மனப்பாடம். லாட்கான் என்பவர் பிற்காலத்தில் அந்தக் கோயிலில் குடியிருந்தவராம், லட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லையாம். துர்கா என்பது அம்மன் பெயரில்லையாம், கோட்டை என்று அர்த்தமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று, "கிளம்பு நீலா, அய்ஹோளே போறோம். உங்கிட்ட ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கறேன்" என்றார். கல்யாணமான இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஊர் உலகத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய் இறக்கியவர், என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ரொட்டியும் கடலைச் சட்னிப் பொடியும் கட்டிக்கொண்டு போனோம். கோயில் கோயிலாக நின்று ஒப்பித்தார். ராஜாக்களில் யார் அப்பன் யார் மகன் என்று குழப்பிக்கொண்டார், நான் தலையாட்டினேன். அந்த வளைந்த கோயிலைச் சுற்றி வரும்போது ஒரு தூணில் ஒரு ஆணும் பெண்ணும் தோளோடு தோள் சாய்ந்து நிற்கிறார்கள், ஆயிரத்து முந்நூறு வருஷமாக. உன் அப்பா நோட்டைப் புரட்டினார். அவர்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூடிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இவங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கறாங்க, நீலா? நீ சொல்லேன்" என்றார். இத்தனை வருஷமாகக் கதை சொல்வது அவர், உம் கொட்டுவது நான். சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். ரெண்டு மணி பஸ் போய்விட்டது. பஸ்ஸுக்கு ஒரு நிமிஷம் பிந்தினால் குதிக்கிற மனுஷன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன சொன்னேன் என்று கேட்காதே, அதெல்லாம் உனக்கு எழுத முடியாது.

ஆகையால் மகளே, ஜனவரியில் நான் முதல் தடவை பார்க்கிற மாதிரி வாயைப் பிளப்பேன், நீ என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிடாதே. அப்பாவிடம் லாட்கானைக் கேள், கோட்டையைக் கேள், ராஜாக்களைக் கேட்காதே. பாதாமியை மறுநாளைக்குத் தள்ளிவிடு. எனக்கு முழங்கால் பட்டை ஒரு ஜோடி வாங்கி வா. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. பசவண்ணன் புண்ணியத்தில் நீ உடம்பும் மனசும் கெடாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும், உன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு நீ கொஞ்சம் முன்னால் நட.

இப்படிக்கு,
உன் அவ்வா,
நீலவ்வா